அப்டேட்: இற்றைப்படுத்தல், ஒட்டு, மேம்படுத்தல் – இதில் எதற்குக் காசு?

"அப்டேட் போடச் சொல்லுது, போட்டா காசு பிடிச்சுக்குமா?" விண்டோஸ் 10 வைத்திருக்கும் பலருக்கு இன்று இருக்கும் சந்தேகம் இது. ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே வார்த்தையில் சொல்ல முடியாது. நாம் அப்டேட் என்று சொல்வதற்குள் குறைந்தது மூன்று வேலைகள் இருக்கின்றன. மூன்றின் பணக் கணக்கும் வேறு வேறு.

ஆங்கிலத்தில் 'அப் டு டேட்' என்ற தொடர் கணக்கு எழுதுவோரிடமிருந்து வந்தது என்பார்கள். பேரேட்டில் இன்றைய தேதி வரை பதிவை ஏற்றிவிடுவதுதான் அதன் முதற்பொருள். வங்கியில் பாஸ்புக்கை நீட்டி "அப்டேட் போட்டுக் குடுங்க" என்கிறோமே, அது மூலப்பொருளுக்கு மிக நெருக்கமான வழக்கு. கணினிக்கு வந்தபோது, ஏற்கெனவே உள்ள மென்பொருளை இன்றைய நிலைக்குக் கொண்டுவருவது என்று பொருள் விரிந்தது.

தமிழில் இதற்கு இற்றைப்படுத்தல் என்ற சொல் இருக்கிறது. தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதுவோர் அதைத் தாராளமாகப் புழங்குகிறார்கள். இன்று என்பது நாள் என்ற சொல்லோடு சேரும்போது இற்றை நாள் என்று ஆகும். அன்று அற்றை ஆவதும் இதே விதிப்படிதான். புறநானூற்று 112ஆம் பாட்டில் பாரி மகளிர் 'அற்றைத் திங்கள்' என்று இழந்த நாளையும் 'இற்றைத் திங்கள்' என்று இன்றைய நாளையும் நிறுத்திப் பாடுகிறார்களே, அந்த இற்றைதான் இது. கயிறு இற்றுப்போவது போல ஒலிக்கிறது என்று சிலர் இதைத் தவிர்க்கிறார்கள். அந்த இற்று, இறுதல் என்ற வினையிலிருந்து வருவது. இரண்டுக்கும் உறவில்லை.

கைபேசித் திரைகளில் பரவலாகக் காண்பது புதுப்பித்தல், புதுப்பிப்பு. எளிய சொற்கள்தான், ஆனால் இந்த இடத்தில் எனக்கு உடன்பாடில்லை. ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்கிறோம், வாகனக் காப்பீட்டைப் புதுப்பிக்கிறோம். அங்கெல்லாம் கெடு முடிந்தது, கட்டணம் கட்டு என்ற பொருள் சொல்லோடு ஒட்டியே வருகிறது. மாதாமாதம் வரும் பாதுகாப்புத் திருத்தத்தையும் அதே சொல்லால் அழைத்தால், காசு கேட்பார்களோ என்று பயனர் தயங்குவது இயல்பு. தயங்கித் தள்ளிப்போடும் நாட்களில் கணினி பாதுகாப்பின்றிக் கிடக்கும்.

அந்தத் திருத்தத்துக்கு ஆங்கிலத்தில் பேட்ச் என்று பெயர். அது வெறும் உருவகமாகப் பிறந்த சொல் அல்ல. 1944இல் இயங்கத் தொடங்கிய ஹார்வர்ட் மார்க் 1 போன்ற இயந்திரங்களுக்குக் கட்டளைகள் துளையிட்ட காகிதச் சுருளில் போகும். தப்பான இடத்தில் துளை விழுந்திருந்தால், அதன்மேல் உண்மையிலேயே ஒரு துண்டை ஒட்டி மூடுவார்கள். கிழிந்த சட்டைக்கு ஒட்டுப் போடும் நமக்கு, ஒட்டு என்பதைவிடப் பொருத்தமான சொல் வேண்டியதில்லை.

ஒட்டுப் போடாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை 2017 காட்டியது. விண்டோஸில் இருந்த ஓட்டை ஒன்றுக்கு மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே ஒட்டு வெளியிட்டுவிட்டது. ஆனால் 2014இல் ஆதரவு முடிந்துபோன விண்டோஸ் எக்ஸ்பி-க்கு, தனி ஒப்பந்தம் போட்டுப் பணம் கட்டிய நிறுவனங்களுக்கு மட்டுமே ஒட்டுகள் போய்க்கொண்டிருந்தன. மே 12 அன்று, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னகிரை என்ற கணினிப் புழு பரவி, பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் சிகிச்சைகள் நின்றன. உடனே எக்ஸ்பி-க்கான ஒட்டையும் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். அந்தப் புழு கணினியிலிருந்து கணினிக்குத் தானாகவே தாவும் வகை. ஒட்டுப் போடாத ஒரு கணினி அதன் உரிமையாளருக்கு மட்டுமல்ல, அதே வலையில் இருக்கும் எல்லோருக்கும் ஆபத்து. ஆதரவுக் காலத்துக்குள் வீட்டுப் பயனரிடம் மாத ஒட்டுக்குக் கட்டணம் கேட்க மாட்டார்கள் என்று நான் நம்புவதற்கு இதுவே முதற் காரணம்.

மேம்படுத்தல் வேறு. ஒரு பதிப்பிலிருந்து அடுத்த பதிப்புக்குத் தாவுவது அது, ஆங்கிலத்தில் அப்கிரேடு. பல ஆண்டுகள் இதற்குக் காசு கொடுத்துத்தான் வாங்கினோம். ஆப்பிளின் மேக் இயங்குதளத்தின் பெரும் பதிப்புகள் 129 டாலருக்கு விற்றன. 2009இல் ஸ்னோ லெப்பர்ட் 29 டாலர், 2012இல் மவுண்டன் லயன் 19.99 டாலர், 2013 அக்டோபரில் வந்த மாவரிக்ஸ் இலவசம். ஐபாட் டச் வைத்திருந்தவர்கள் 2008இல் அதன் மென்பொருளின் இரண்டாம் பதிப்புக்கு 9.95 டாலர் கட்டினார்கள். ஐஃபோன்காரர்களுக்கு அதே பதிப்பு சும்மா கிடைத்தது. விற்று முடிந்த பொருளில் புதிய வசதியை இலவசமாகச் சேர்ப்பதற்குக் கணக்கியல் விதிகள் இடம் தரவில்லை என்பது ஆப்பிள் சொன்ன காரணம். விண்டோஸ் 7, 8.1 வைத்திருந்தவர்களுக்கு 10ஐ 2015இல் முதல் ஓராண்டுக்கு இலவசமாகக் கொடுத்தார்கள். 10இலிருந்து 11க்கும் கட்டணமில்லை. ஆப்பிளுக்கு லாபம் கருவியில் இருக்கிறது. மைக்ரோசாஃப்டுக்குக் கணினி தயாரிப்பவர்கள் கட்டும் உரிமத் தொகை இருக்கிறது. ஆக, இலவச மேம்படுத்தலின் விலையைப் புதுக் கணினி வாங்கும்போதே கொடுத்துவிடுகிறோம்.

காசு இப்போது வேறு இரண்டு வாசல்களில் நுழைகிறது. ஒன்று, ஆயுள் முடிந்த பிறகு. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. மேலும் ஓராண்டு ஒட்டு வேண்டும் என்றால் வீட்டுப் பயனருக்கு 30 டாலர். இல்லையேல் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து கணினி அமைப்புகளை அவர்களது இணையச் சேமிப்பகத்தில் (கிளவுட்) சேமிக்க ஒப்புக்கொள்ள வேண்டும். அதுவும் வேண்டாம் என்றால், மைக்ரோசாஃப்ட் சேவைகளைப் பயன்படுத்திச் சேர்க்கும் ரிவார்ட்ஸ் புள்ளிகளில் 1000 கொடுக்கலாம். நிறுவனங்களுக்குக் கருவி ஒன்றுக்கு முதல் ஆண்டு 61 டாலர், பிறகு ஒவ்வோர் ஆண்டும் இரட்டிப்பு. ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் நுகர்வோர் அமைப்புகள் நெருக்கியதால், அங்குள்ள வீட்டுப் பயனர்கள் கணக்கில் நுழைந்தாலே போதும், கட்டணமும் இல்லை, சேமிப்பு நிபந்தனையும் இல்லை. அதே ஒட்டுதான். நெருக்க ஆள் இருந்த இடத்தில் நிபந்தனை இளகியது. நம் நாட்டு நுகர்வோர் அமைப்புகளும் இதைக் கையிலெடுத்திருக்க வேண்டும் என்பது என் ஆதங்கம். டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இல்லை என்பதற்காக 11க்குப் போக முடியாமல் நிற்கும் நல்ல கணினிகள் எத்தனையோ. அவற்றை வாங்கியவர்கள் செய்த தவறு ஒன்றுமில்லை.

இன்னொன்று, சௌகரியத்துக்கு. நிறுவனங்களின் சர்வர் கணினிகளுக்கான விண்டோஸ் சர்வர் 2025இல் கணினியை மறுபடி துவக்காமலே ஒட்டுப் போடும் வசதிக்கு 2025 ஜூலை முதல் செயலியின் ஒரு கோருக்கு (core) மாதம் 1.50 டாலர் சந்தா. வழக்கமான மாத ஒட்டு அங்கேயும் இலவசம்தான். துவக்கி எழுப்பும் நேரம் மிச்சமாவதற்குத்தான் விலை. ஆயுளுக்குப் பிந்திய ஒட்டுக்குக் காசு வாங்கும் வழக்கம் லினக்ஸ் பக்கமும் உண்டு. லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்புகளுக்கு ஐந்து ஆண்டு ஒட்டு பொதுவாகக் கிடைக்கும், பத்தாண்டு வரை நீட்ட உபுண்டு புரோ என்ற சந்தா. தனிப்பட்ட பயனுக்கு ஐந்து கணினிகள் வரை அதற்கும் கட்டணம் இல்லை.

விண்டோஸ் 10இல் தங்கியிருப்பவர்கள் செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தைத் திறந்தால், 'என்ரோல் நவ்' என்ற சிறு இணைப்பு தெரியும். 22எச்2 பதிப்பில் இருந்தால்தான் அது வரும். ஒரு கணக்கில் சேர்ந்தால் பத்துக் கணினிகள் வரை அதே உரிமத்தில் அடங்கும். விட்டுப்போன ஒட்டுகளும் சேர்ந்தே வந்துவிடும். எப்போது சேர்ந்தாலும் இந்தத் திட்டத்தின் கெடு 2026 அக்டோபர் 13தான். பிந்திச் சேர்ந்தவர்களுக்குத் தனியாக ஓராண்டு கிடையாது.