கோல்ஃப் பந்தும் அந்த நாற்பது மீற்றரும்

மட்டக்களப்பின் கல்லடிக் கடற்கரையில் ஒரு பின்னேரம் பொடியன்கள் எல்லே, அதாவது எறியும் பந்தைக் கம்பால் அடித்து ஓடும் விளையாட்டு, விளையாடிக்கொண்டிருந்தார்கள். அக்காவின் மகளும் அவர்களோடு நின்றாள். அவளுக்கு வயது 13. போன வருடம் வரை அவள் அடித்த பந்தும் அவர்கள் அடித்த பந்தும் ஏறத்தாழ ஒரே இடத்தில்தான் விழும். இந்த வருடம் அவர்களுடைய பந்து அவளுடையதைத் தாண்டிப் போகத் தொடங்கிவிட்டது. வீட்டுக்கு நடந்து வரும்போது கேட்டாள்: "மாமா, நானும் நல்லாத்தானே அடிக்கிறன். பிறகேன் தூரம் போகுதில்லை?"

இதற்கு விடை சொல்ல நல்ல இடம் கோல்ஃப் விளையாட்டு. மட்டக்களப்பில் அதற்குத் திடல் இல்லை. கிழக்கில் என்றால் திருகோணமலை சீனக்குடாவில் விமானப்படையின் திடல் இருக்கிறது. ஆனாலும் அந்த விளையாட்டில் பந்து அசையாமல் கிடக்கிறது, எறிந்து ஏமாற்ற எதிராளி யாரும் இல்லை. அதனால் உடலின் வேகம் எதைத் தருகிறது, எதைத் தருவதில்லை என்பது அங்கே தெளிவாகத் தெரியும்.

2004 ஜனவரியில் ஹவாய் மாநிலத்தின் ஹொனலுலுவில் நடந்த சோனி ஓப்பனில் அமெரிக்க வீராங்கனை மிஷெல் வீ ஆடினார். அது அமெரிக்காவின் முன்னணித் தொழில்முறைக் கோல்ஃப் தொடரான பிஜிஏ சுற்றின் ஒரு போட்டி, மற்ற எல்லோரும் ஆண்கள். அவருக்கு வயது 14. கோல்ஃபில் குறைந்த தடவை அடித்துப் பந்தைக் குழிகளில் விழுத்துபவரே வெல்வார். வீ முதல் நாள் அடித்தது 72 அடி, இரண்டாம் நாள் 68 அடி. கடைசி இரண்டு நாட்களுக்குத் தேறும் வாய்ப்பை ஒரேயொரு அடியில் இழந்தார். அதற்கு முந்தைய ஆண்டு, அப்போது உலகின் முதல்நிலை வீராங்கனையாக இருந்த அனிகா சோரன்ஸ்டாம் டெக்சாஸில் ஆண்களோடு ஆடி, நான்கு அடி வித்தியாசத்தில் வெளியேறியிருந்தார். பிஜி நாட்டு வீரர் விஜய் சிங் அவருக்கு அங்கே இடமில்லை என்று வெளிப்படையாகவே பேசினார். இடம் உண்டா இல்லையா என்ற அந்த வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை. பலரும் அறியாத ஒன்று, பிஜிஏ சுற்றில் பெண்கள் ஆடக்கூடாது என்று விதியே இல்லை. பெண்களின் எல்பிஜிஏ சுற்றுத்தான் பெண்களுக்கு மட்டுமானது.

சரி, வித்தியாசம் எங்கே பிறக்கிறது?

நம்முடைய வாவியில் வீச்சுவலை எறிபவரைக் கவனித்திருப்பீர்கள். வலை கையிலிருந்து பறந்தாலும் விசை பாதத்தில் தொடங்குகிறது. கால் தரையை அழுத்துகிறது, இடுப்பு திரும்புகிறது, பிறகு தோள், பிறகு கை, கடைசியில் மணிக்கட்டு. பெரிய உறுப்பு முதலில் திரும்பி மெதுவாகும்போது அதன் வேகம் அடுத்த சிறிய உறுப்புக்குக் கைமாறுகிறது. கோல்ஃப் அடியும் இதே சங்கிலிதான். கடைசிக் கண்ணி மட்டையின் தலை. அது பந்தைத் தொட்டிருக்கும் நேரம் ஒரு செக்கனில் ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. சேர்த்து வைத்ததெல்லாம் அந்தக் கணத்தில் கைமாற வேண்டும்.

முன்னணி ஆண்களின் நீள மட்டையின் தலை சராசரியாக மணிக்கு ஏறத்தாழ 180 கிலோமீற்றர் வேகத்தில் வருகிறது. முன்னணிப் பெண்களுக்கு அது ஏறத்தாழ 150. பார்க்க ஆறில் ஒரு பங்கு குறைவுதான். ஆனால் இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அந்தக் கணக்கில் ஆணின் அடியில் 44 சதவீதம் கூடுதல் ஆற்றல் இருக்கிறது. பந்து மட்டையின் வேகத்தைப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு வேகத்தில் கிளம்பும். விழுந்து உருண்டு நிற்கும்போது ஆணின் பந்து 270 மீற்றர் அளவிலும் பெண்ணின் பந்து 230 மீற்றர் அளவிலும் கிடக்கும். இடைவெளி நாற்பது மீற்றர்.

பன்னிரண்டு வயது வரை பெண் பிள்ளைகளுக்கும் ஆண் பிள்ளைகளுக்கும் ஓட்டத்திலும் பாய்ச்சலிலும் பெரிய வித்தியாசம் இல்லை. பூப்பெய்தும் பருவத்தில் ஆண் பிள்ளைகளின் உடலில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஓமோன் பல மடங்கு கூடுகிறது. தசை பெருக்கிறது, கை நீள்கிறது, தோள் அகல்கிறது. காலின் வலிமையை விடத் தோளிலும் கையிலும்தான் ஆண் பெண் வித்தியாசம் அதிகம். சங்கிலியின் கடைசிக் கண்ணிகள் அவைதானே. என் மருமகளின் பந்து பின்தங்கியதற்குக் காரணம் அவளுடைய திறமையோ முயற்சியோ இல்லை. பொடியன்களின் உடல் மாறத் தொடங்கிவிட்டது, அவ்வளவுதான்.

ஆனால் தூரம் குறைவதோடு விஷயம் முடிவதில்லை. இதைத்தான் வாக்குவாதம் செய்யும் பலர் பார்ப்பதில்லை. அடிக்கத் தொடங்கும் இடத்திலிருந்து 400 மீற்றர் தூரத்தில் ஒரு குழி என்று வையுங்கள். முதல் அடிக்குப் பிறகு ஆணுக்கு மிச்சம் 130 மீற்றர், பெண்ணுக்கு 170. ஆண் வீரர், முகப்பு நன்றாகச் சாய்ந்த குட்டையான இரும்பு மட்டையை எடுக்கிறார். அந்தச் சாய்வு பந்தைப் பின்புறமாகக் கடுமையாகச் சுழற்றும். பின்சுழற்சியோடு பறக்கும் பந்துக்கு மேலே காற்று வேகமாகவும் கீழே மெதுவாகவும் ஓடும், பந்து மேல்நோக்கித் தூக்கப்படும். மக்னஸ் விளைவு என்பது இதுதான். பந்திலுள்ள நூற்றுக்கணக்கான சிறு குழிகள் காற்றின் இழுவையையும் குறைப்பதால் அது நெடுநேரம் வானில் நிற்கும். அப்புறம் 50 பாகைக்கு மேற்பட்ட கோணத்தில் செங்குத்தாக இறங்கி, விழுந்த இடத்திலேயே நிற்கும்.

170 மீற்றர் போக வேண்டிய பெண்ணுக்கு நீண்ட, சாய்வு குறைந்த மட்டைதான் கைகொடுக்கும். பின்சுழற்சி ஏறத்தாழ பாதியாகிவிடுகிறது, இறங்கும் கோணமும் 40 பாகை அளவுக்குச் சரிகிறது. பந்து விழுந்து ஓடுகிறது. குழியைச் சுற்றிய ஒட்டவெட்டிய புல்தரை ஆண்களுக்காக இறுக்கமாகவும் வேகமாகவும் தயார்செய்யப்பட்டிருந்தால், அவர் எவ்வளவு துல்லியமாக அடித்தாலும் பந்து தரையைத் தாண்டிப் போய்விடும். முதல் அடியில் விழுந்த நாற்பது மீற்றர் இரண்டாம் அடியை வேறொரு கேள்வித்தாளாகவே மாற்றிவிடுகிறது. ஹொனலுலுவில் அந்தக் கேள்வித்தாளை எழுதி ஓர் அடியில் தவறவிட்ட 14 வயதுப் பிள்ளையின் திறமையை யோசித்துப் பாருங்கள்.

பத்து ஆண்டு கழித்து, 2014 ஜூனில், அமெரிக்காவின் பைன்ஹர்ஸ்ட் இரண்டாம் திடலில் ஆண்களின் யு.எஸ். ஓப்பனும் பெண்களின் யு.எஸ். ஓப்பனும் அடுத்தடுத்த வாரம் நடந்தன. ஆண்களுக்கு ஏறத்தாழ 6,900 மீற்றர் நீளம், பெண்களுக்கு ஏறத்தாழ 6,100. இரண்டாம் அடிக்கு இரு சாராரும் ஒரே வகை மட்டையை எடுக்கும்படி தொடக்க இடங்கள் அமைக்கப்பட்டன. தரை அதேதான், கேள்வித்தாளும் ஒன்றாகிவிட்டது. பெண்கள் பட்டத்தை வென்றவர் அதே மிஷெல் வீ.

2022இல் சுவீடனின் ஹால்ம்ஸ்டாட்டில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். 78 ஆண்கள், 78 பெண்கள், ஒரே திடல், ஒரே கிண்ணம். பெண்கள் சற்று முன்னாலிருந்து அடித்தார்கள். 22 வயது லின் கிராண்ட் ஒன்பது அடி வித்தியாசத்தில் எல்லோரையும் வென்றார். ஐரோப்பாவின் ஆண்கள் சுற்றில் பட்டம் வென்ற முதல் பெண் அவர். முன்னாலிருந்து அடித்தது சலுகை என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. கைவேகத்தின் வித்தியாசத்தை நீளத்தில் கழித்த பிறகு மிஞ்சுவது கணிப்பு, துல்லியம், நிதானம். அந்த மூன்றிலும் அவர் முன்னின்றார்.

அப்படியானால் இளம் பெண்கள் ஆண்களின் போட்டிக்குப் போகலாமா? போக விரும்பும் பிள்ளையை யாரும் மறிக்கக்கூடாது என்பதே என் எண்ணம். ஆண்களுக்கான நீளத்திலேயே ஆடித் தோற்றாலும் அவள் கற்றுக்கொள்வது நிறைய. ஆனால் அந்த முடிவை வைத்துப் பெண்களின் கோல்ஃபை எடைபோடுவது தவறு. வளரும் வயதில் நாற்பது மீற்றரைத் துரத்தி உடலை வருத்துவதும் எனக்குப் பயம்தான். அடியின் வேகமெல்லாம் கடைசியில் போய்ச் சேர்வது மணிக்கட்டில். மிஷெல் வீயையும் 2007இல் மணிக்கட்டுக் காயம் வாட்டியது. ஹால்ம்ஸ்டாட் மாதிரிப் போட்டிகள் இன்னும் நிறைய வர வேண்டும்.

மறுநாள் என் மருமகளின் அடியைக் கரையில் நின்று கவனித்தேன். இடுப்பு திரும்பும் முன்பே கை போய்விடுகிறது. பாதத்திலிருந்து வரவேண்டிய விசை பாதிவழியில் நின்றுவிடுகிறது. வாவிக்கரைக்குக் கூட்டிப்போய், வலை எறியும் ஒருவரின் காலைப் பார்க்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துவிட்டு, கையில் கம்பில்லாமலே இடுப்பைத் திருப்பிப் பார்த்தாள்.