தரையில் ஊன்றாத தூண்கள்

பெய்ஜிங்கில் இருக்கும் தாய்மியாவ் மண்டபத்தைப் பற்றி வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். மூட்டுகளில் ஆணி அடிக்காத மரக் கட்டடம் இத்தனை நிலநடுக்கங்களைத் தாண்டி எப்படி நிற்கிறது, முன்னோர்தான் காக்கிறார்களா என்று.

அரச குலத்து முன்னோரின் பெயர்ப் பலகைகளுக்குப் படையலிட மிங் பேரரசர் யோங்லே 1420-இல் அமைத்த இடம் அது. மூன்றடுக்கு வெள்ளைப் பளிங்கு மேடை, அதன் மேல் மண்டபம். 1541-இல் இடி விழுந்து எரிந்தது, 1545-இல் திரும்பக் கட்டினார்கள். அப்புறம் 1679-இல் பெய்ஜிங்குக்குப் பக்கத்திலேயே ஏறக்குறைய 8 ரிக்டர் அளவில் நிலநடுக்கம், 1976-இல் தாங்ஷான் நிலநடுக்கம்.

சரி, தூணுக்கு வருவோம். அந்தப் பருத்த நான்மு மரத் தூண்களை மண்ணில் புதைக்கவில்லை, கல்லின் மேல் சும்மா நிறுத்தியிருக்கிறார்கள். நிலம் லேசாக அசைந்தால் உராய்வே பிடித்துக்கொள்ளும். பலமாக உலுக்கினால் தூண் கொஞ்சம் வழுக்கும், அந்த மிச்ச அசைவு கூரைக்குப் போகாது. எனக்கு மிகவும் பிடித்தது இதற்கு அடுத்தது. அடி தட்டையான தூண் சாயும்போது அடிவிளிம்பில் ஊன்றித்தான் சாய முடியும், அப்போது அதன் தலை ஒரு துளி மேலே எழும்பும், கூடவே டன் கணக்கில் ஓடு வேய்ந்த கூரையும் எழும்ப வேண்டும். அந்தப் பாரம் கீழே அழுத்தித் தூணைத் திரும்ப நேராக உட்கார வைத்துவிடுகிறது. கனமான கூரை ஆபத்து என்றுதான் நானும் நினைத்திருந்தேன், இங்கே அதே கனம்தான் தூணை நிமிர்த்துகிறது!

தூண்களுக்கும் கூரைக்கும் நடுவில் தௌகொங் என்ற மர அடுக்கு. 'தௌ' என்றால் தானியம் அளக்கும் மரக்கால், வடிவமும் ஏறக்குறைய அப்படித்தான். ஒன்றுக்குள் ஒன்று செருகிய அந்தக் கட்டைகள் நடுக்கத்தில் உரசி உரசி அதிர்வைச் சூடாக மாற்றித் தின்றுவிடும். சுவர்கள் எந்தப் பாரமும் தாங்குவதில்லை. 'சுவர் விழும், வீடு விழாது' என்று சீனத்தில் ஒரு சொலவடையே உண்டு. பெய்ஜிங் அரண்மனைக் கட்டடம் ஒன்றின் ஐந்தில் ஒரு பங்கு மாதிரியை ஆய்வுக்கூடத்தில் வைத்துக் குலுக்கியபோதும் சுவர்கள் இடிந்தன, மரச் சட்டகம் நின்றது. பழைய தச்சு வேலையைச் சோதிக்கும் இப்படிப்பட்ட ஆய்வுகளுக்கு அரசுகள் தாராளமாகப் பணம் தர வேண்டும். முன்னோர் காத்தார்கள் என்று சொல்லிவிட்டால், உளியைப் பிடித்த தச்சருக்குச் சேர வேண்டிய பெருமை போய்விடுகிறது.

1950 முதல் அந்த இடம் பொதுமக்களுக்கான பண்பாட்டு மாளிகை, யாரும் போகலாம். போனால் தூணின் அடியில், மரமும் கல்லும் தொட்டுக்கொள்ளும் அந்த வட்டத்தைக் கொஞ்ச நேரம் பாருங்கள்.