சாப்பாடு மேஜைக்கு வரட்டும், அப்புறம் மாத்திரை

மேற்கு மாம்பலத்தில் இருந்து என் கிளினிக்குக்கு வரும் ஒரு அம்மா. சர்க்கரை நோய் வந்து பல வருடம் ஆகிறது, மாத்திரையை ஒருநாள்கூட விட்டதில்லை. அக்டோபரில் அமெரிக்காவில் மகள் வீட்டுக்குப் போனவரை அங்கே ஒரு தீம் பார்க்கின் ஹாலோவீன் இரவுக்கு அழைத்துப் போயிருக்கிறார்கள். உள்ளேயே ஒரு ரெஸ்டாரண்டில் எட்டரைக்கு டேபிள் புக் ஆகியிருந்தது. எட்டு மணி ஆனதும் வழக்கம்போல ராத்திரி மாத்திரையைப் போட்டுக்கொண்டார். பேரன் மிட்டாய் வரிசையை விட்டு வரமாட்டேன் என்றான், அதற்குள் ஊர்வலம் பார்க்க இடம் பிடிக்க வேண்டும் என்றார்கள், டேபிள் போயே போய்விட்டது. பத்து மணிக்கு அம்மாவுக்கு வியர்த்துக் கொட்டி, பேச்சு குழறி, நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டார். புழுக்கம் தாங்கவில்லை போலிருக்கிறது என்று விசிறிவிட்டுத் தண்ணீர் கொடுத்திருக்கிறார்கள். முதலுதவிக்கு வந்தவர்கள் விரலில் குத்திப் பார்த்தபோது சுகர் 48.

இப்போது நன்றாக இருக்கிறார். ஆனால் இதே கதையை ஊரையும் பார்க்கையும் மாற்றி மாற்றி நான் கேட்டுக்கொண்டே இருக்கிறேன், பொறுமை போய்விட்டது, அதனால்தான் எழுதுகிறேன்.

எல்லோரும் சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு: "சாப்பாடு தள்ளிப்போனா சுகர் இறங்கத்தானே செய்யும் டாக்டர், அது நல்லதுதானே?" இல்லை. நல்லது இல்லை. கிளிமிபிரைடு, கிளிக்லசைடு மாதிரி மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவருக்கு, மருந்து உள்ளே போய்விட்டு சாப்பாடு வராவிட்டால், சுகர் நல்ல அளவோடு நின்றுவிடாது. 70க்குக் கீழே போனாலே அது தாழ்நிலை. 54க்குக் கீழே மூளை தடுமாறத் தொடங்கும். வருடக்கணக்கில் சுகர் கூடியிருப்பதால் வரும் கெடுதல் மெதுவாக வரும். இறங்குவதால் வரும் கெடுதலுக்கு ஒரு மணி நேரம் போதும்: விழுந்து இடுப்பெலும்பு முறியலாம், வலிப்பு வரலாம், இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். "முந்தாநாள் 240 இருந்துச்சே, கொஞ்சம் பட்டினி கிடந்தா சமன் ஆயிடும்" என்று கணக்குப் போடாதீர்கள். முந்தாநாளைய 240 இன்று ராத்திரி உங்களைக் காப்பாற்றாது. மெட்ஃபார்மின் மட்டும், அல்லது கிளிப்டின் வகை மட்டும் எடுப்பவர்களுக்கு இந்தப் பயம் மிகக் குறைவு. உங்கள் மருந்துச் சீட்டில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் விமானம் ஏறாதீர்கள்.

இனி அந்த மாலையைத் திட்டமிடுவது. என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் சொல்வது ஃப்ளோரிடாவில் வால்ட் டிஸ்னி வேர்ல்டின் மேஜிக் கிங்டம். அங்கே ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை சில குறிப்பிட்ட இரவுகளில் ஹாலோவீன் பார்ட்டி, நவம்பர், டிசம்பரில் கிறிஸ்துமஸ் பார்ட்டி. இரண்டுக்கும் தனி டிக்கெட், இரவு 7 முதல் நள்ளிரவு 12 வரை. அந்த டிக்கெட் இருந்தால் வழக்கமாக மாலை 4 மணிக்கே உள்ளே விடுவார்கள். டிக்கெட்டில் மிட்டாய் உண்டு, இரவுச் சாப்பாடு கிடையாது. இதைத் தெரியாமல் போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

பிள்ளைகள் நம் ஊர் வழக்கப்படி எட்டு, எட்டரைக்கு டேபிள் போடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அந்த நேரத்தில்தான் கூட்டமும் கொண்டாட்டமும் சூடுபிடிக்கும், ஊர்வலமும் வாணவேடிக்கையும் அதற்குப் பின் அடுத்தடுத்து வரும், தியாகம் செய்யப்படுவது எப்போதும் சாப்பாடுதான். ஐந்து, ஐந்தரைக்கு டேபிள் கிடைக்கிறதா பாருங்கள். அங்கே 60 நாள் முன்பே முன்பதிவு திறந்துவிடும், அன்றைக்கே உட்கார்ந்து போட்டுவிடுங்கள். ஒன்றைக் கவனியுங்கள், பார்ட்டி டிக்கெட் மட்டும் வைத்திருப்பவர் பகல் இரண்டு மணிக்கு உள்ளே டேபிள் போட்டுப் பயனில்லை, டேபிள் இருக்கிறது என்பதற்காக வாசலில் விடமாட்டார்கள். கார் நிறுத்தும் இடத்தில் இருந்து வாசலுக்குப் போகவே மோனோரயிலோ படகோ பிடிக்க வேண்டும், அதற்கும் நேரம் ஒதுக்குங்கள்.

உள்ளே கிடைக்கவில்லையா, வாசலில் இருந்து பத்து நிமிட நடையில் கன்டெம்பரரி ஹோட்டல் இருக்கிறது. அங்கே செஃப் மிக்கீஸ் பஃபே. பார்க்குக்கு உள்ளே கிரிஸ்டல் பேலஸும் பஃபேதான். இன்சுலின் போடுபவர்களுக்கு நான் பஃபேயைத்தான் சொல்வேன், ஏனென்றால் சாப்பாடு கண்ணெதிரே இருக்கும். மற்ற இடங்களில் ஐந்தரை என்று புக் செய்திருந்தால் ஐந்தரைக்கு உங்களை உட்காரவைப்பார்கள், அவ்வளவுதான். மெனு பார்த்து, சைவமா என்று விசாரித்து, செஃப் வந்து பேசி, தட்டு வர அரைமணி, முக்கால் மணி ஆகலாம். அறையிலேயே இன்சுலின் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டால் இந்தக் காத்திருப்பு முழுவதும் அபாயம்தான். அதனால் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: தட்டு கண்ணில் படும்வரை சாப்பாட்டு மாத்திரையும் சாப்பாட்டு இன்சுலினும் பையிலேயே இருக்கட்டும். அரைமணி முன்னால் போட வேண்டிய வகை இன்சுலின் என்றால் பயணத்துக்கு மட்டும் என்ன செய்வது என்று கிளம்பும் முன்பே உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். கிளார்ஜின் மாதிரி நாள் முழுக்க வேலை செய்யும் இன்சுலினை மட்டும் நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள், அது வேறு கதை.

தட்டில் என்ன வருகிறது என்பதும் முக்கியம். உங்கள் மருந்தின் அளவு நான்கு இட்லிக்கோ மூன்று சப்பாத்திக்கோ முடிவு செய்தது. அங்கே போய் "எனக்கு சாலட் மட்டும் போதும்மா" என்று முழு டோஸ் போட்டுக்கொண்டால் அது பாதிப் பட்டினி. ரொட்டி, சாதம், பாஸ்தா, உருளைக்கிழங்கு, ஏதாவது ஒன்று தட்டில் இருக்கவேண்டும். போய் இறங்கிய முதல் வாரத்தில் பசியே இருக்காது, அக்டோபரில் அங்கே இரவு எட்டு மணி என்றால் சென்னையில் மறுநாள் காலை ஐந்தரை, வயிறு இன்னும் இங்கேதான் இருக்கும். பசி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

சரி, மிட்டாய்க்கு வருவோம். "வழியெல்லாம் சாக்லேட் தர்றாங்களே, சுகர் இறங்கினா வாயில போட்டுக்கலாம்" என்று பிள்ளைகள் தைரியம் சொல்கிறார்கள். சாக்லேட்டில் கொழுப்பு இருக்கிறது, அது சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். இன்னொன்று நம் ஊருக்கே உரியது. இங்கே ஏராளமானோர் எடுக்கும் கூட்டு மாத்திரைகளில் வோக்லிபோஸ் என்ற மருந்து இருக்கும், அட்டையைத் திருப்பிப் பாருங்கள். அது உடலில் இருக்கும்போது சாதாரணச் சர்க்கரையும் மிட்டாயும் சட்டென்று வேலை செய்யாது, குளுக்கோஸ்தான் வேண்டும். ஆகவே ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் குளுக்கோஸ் பவுடர். சுமார் 15 கிராம் தண்ணீரில் கலந்து குடிக்க வேண்டும், 15 நிமிடம் கழித்து மறுபடி சுகர் பார்க்க வேண்டும், ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. ஏறிய பிறகு உடனே ஏதாவது சாப்பிட வேண்டும், இல்லையென்றால் திரும்ப இறங்கும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், அங்கே அவசர உதவிக்கு 911ஐ அழையுங்கள்.

பார்க்குக்குள் நம் சாப்பாட்டைக் கொண்டுபோகலாம், கண்ணாடிப் பாத்திரம் கூடாது, சூடுபண்ண வேண்டியதாக இருக்கக்கூடாது. இரண்டு சப்பாத்தி ரோல் பையில் இருந்தால் அந்த அம்மா நடைபாதையில் உட்கார்ந்திருக்க மாட்டார். மேஜிக் கிங்டமில் முதலுதவி மையம் கிரிஸ்டல் பேலஸ் பக்கத்திலேயே இருக்கிறது, உள்ளே நுழைந்ததும் எங்கே என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். ஃப்ளோரிடா இரவும் சென்னை மாதிரியே புழுங்கும், எல்லோருக்கும்தான் வியர்க்கும், ஆனால் அப்பா திடீரென்று எரிச்சலாகப் பேசினாலோ, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னாலோ, "டயர்டா இருக்காங்க" என்று விடாதீர்கள், மீட்டரை எடுங்கள். பிரஷருக்கு பீட்டா பிளாக்கர் எடுப்பவர்களுக்கு, சுகர் இறங்கும்போது வரும் படபடப்பு தெரியவே தெரியாமல் போகலாம். மீட்டர் உங்கள் பையில் இருக்கட்டும், காரில் இல்லை. இன்சுலினையும் காரில் விடாதீர்கள், சூட்டில் வீணாகிவிடும்.

இவ்வளவு நடை நடந்த நாளில் சுகர் ராத்திரியிலும் இறங்கும். அறைக்குத் திரும்ப ஒரு மணி ஆனாலும் படுக்கும் முன் ஒருமுறை பாருங்கள். 100க்குக் கீழே இருந்தால் ஒரு டம்ளர் பாலும் நாலு பிஸ்கட்டும் கொடுத்து, மூன்று மணிக்கு அலாரம் வைத்து எழுந்து இன்னொரு முறை பாருங்கள். பெற்றவர்கள் "வேண்டாம்பா, நீ தூங்கு" என்பார்கள். கேட்காதீர்கள்.