கண்டக்டரின் விசிலும் கன்னத்துக்குள் ஒரு மேஸ்திரியும்

உசிலம்பட்டி ரூட்டில் ஓடும் ஒரு பஸ்ஸின் கண்டக்டர் சென்ற ஆண்டு என் கிளினிக்குக்கு வந்தார். பல்லில் வலி எதுவும் இல்லை. "டாக்டரம்மா, விசில் ஊத முடியல. வாய்க்குள்ள காத்தே நிக்க மாட்டேங்குது" என்றார். பல மாதங்களாகவே காரம் பட்டால் வாய் எரிகிறதாம். பரோட்டாவைச் சால்னாவில் நன்றாக ஊறவைத்துத்தான் உள்ளே தள்ளுகிறாராம்.

வாயைத் திறக்கச் சொல்லி ஸ்கேலை வைத்தேன். மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவே 19 மில்லிமீட்டர். அதைப் போல இரண்டு மடங்காவது இருக்க வேண்டும். அவரவர் கைவிரல் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தால் வாய்க்குள் நுழைய வேண்டும். இவருக்கு ஒன்றுதான் நுழைந்தது. கன்னத்தின் உட்புறம் ரோஸ் நிறம் போய்ச் சலவைக்கல் மாதிரி வெளுத்திருந்தது. தடவிப் பார்த்தால் கயிறு கயிறாகக் கையில் தட்டியது.

"என்ன அண்ணே போடுறீங்க?"

"புகையிலையத் தொட மாட்டேன்மா. வெறும் பாக்குதான். நைட்டு டூட்டில தூக்கம் வராம இருக்க."

இந்த 'வெறும் பாக்கு' என்ற சொல்லை வாரத்துக்கு இரண்டு பேரிடமாவது கேட்கிறேன். புகையிலைதான் விஷம், பாக்கு விருந்துச் சாமான் என்று நம்மூரில் ஆழமாகப் பதிந்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, பாக்கு தனியாகவே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று 2004இல் வகைப்படுத்திவிட்டது. சோழவந்தான் வெற்றிலையைக் குறை சொல்லவில்லை. அதற்குள் மடித்து வைக்கிற பாக்கைத்தான் சொல்கிறேன்.

கண்டக்டருக்கு வந்திருப்பது ஓரல் சப்மியூகஸ் ஃபைப்ரோசிஸ். வாய்த்தோலுக்கு அடியில் நார் பெருகி இறுகிப்போகும் நோய். அது எப்படி வருகிறது என்று அவருக்கு விளக்கியதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

நம் உடம்பு செல்களால் மட்டும் ஆனதல்ல. செல்களுக்கு இடையே கொலாஜன் போன்ற நார்களால் பின்னிய ஒரு தளம் இருக்கிறது. வீடு கட்டுவதோடு ஒப்பிட்டால் கொலாஜன்தான் செங்கல். செங்கல் தானாக அடுக்கிக்கொள்ளாது, மேஸ்திரி வேண்டும். சுவரின் பகுதியாக இல்லாமல், எங்கே எவ்வளவு கட்டுவது, எந்தச் செல் நகர்வது என்று வேலை வாங்குகிற புரதங்கள் சில உண்டு. 1995இல் பால் பார்ன்ஸ்டீன் என்ற அமெரிக்க விஞ்ஞானி அவற்றுக்கு மேட்ரிசெல்லுலார் புரதங்கள் என்று பெயர் வைத்தார்.

பல் மருத்துவர்களான எங்களுக்கு அவற்றில் நெருக்கமானது பெரியாஸ்டின். (பெயரைச் சொன்னதும் கண்டக்டர் "பெரியாஸ்பத்திரிக்குப் போகணுமா?" என்று பயந்துவிட்டார்.) பல் தாடையில் ஆணி அடித்தாற்போல நிற்பதில்லை. பல்லையும் எலும்பையும் மெல்லிய நார்கள் இழுத்துக் கட்டியிருக்கின்றன. அந்தக் கட்டின் அகலம் ஏறக்குறைய 0.2 மில்லிமீட்டர்தான். முறுக்கைக் கடிக்கும்போது அதிர்ச்சியைத் தாங்குவது இதுதான். இந்தக் கட்டு உறுதியாக இருக்கப் பெரியாஸ்டின் தேவை. அது இல்லாமல் பிறக்கும்படி செய்த எலிகளுக்குப் பல்லைச் சுற்றி எலும்பு கரைந்து ஈறு நோய் வந்தது. அப்படிப்பட்ட எலிகளில் மாரடைப்புக்குப் பிறகு இதயச் சுவரில் தழும்பு சரியாக உருவாகாமல் கிழிந்துபோனதும் உண்டு. அதனால் இதை வில்லனாக நினைத்துவிட வேண்டாம்.

காயம் பட்டால் பெரியாஸ்டின் வரும், வேலை முடிந்ததும் அளவு இறங்கிவிடும். ஆரோக்கியமான திசுவில் நடப்பது அதுதான். தினமும் எட்டுப் பத்துத் தடவை பாக்கைக் கன்னத்தில் அடக்கினால் அங்கே காயம் முடிவதே இல்லை. பாக்கின் நார் உரசுகிறது. அதிலுள்ள அரிகோலின் என்ற ரசாயனம் நார் உண்டாக்கும் செல்களை முடுக்கிவிடுகிறது. பாக்கின் துவர்ப்புப் பொருளான டானின் அந்த நாரை எளிதில் கரையாதபடி இறுக்கிவிடுகிறது; தோலைப் பதப்படுத்தவும் டானின்தானே உதவுகிறது! பாக்கில் உள்ள தாமிரமும் கொலாஜனை முறுக்கிக் கட்டும் நொதிக்குத் துணை போகிறது. பெரியாஸ்டினைப் போலவே மேஸ்திரி வேலை பார்க்கும் சிசிஎன்2 என்ற இன்னொரு புரதத்தை, கன்னத்து நார்ச்செல்களில் அரிகோலின் பெருக்குவதை ஆய்வகங்களில் பார்த்திருக்கிறார்கள். வேலை முடிந்தும் மேஸ்திரி போகவில்லை. சுவர்மேல் சுவராக எழும்புகிறது. வாய் திறக்க மறுக்கிறது.

அப்புறம்தான் பெரிய ஆபத்து. புற்றுச்செல் ஒன்று முளைத்துவிட்டால், யாருக்கு வீடு கட்டுகிறோம் என்று மேஸ்திரி பார்ப்பதில்லை. புற்றுநோயை ஆறாத காயம் என்று ஹெரால்ட் டிவோராக் என்ற நோயியல் விஞ்ஞானி 1986இலேயே சொன்னார். தலை, கழுத்துப் புற்றுநோயில் செல்கள் பக்கத்துத் திசுவுக்குள் ஊடுருவப் பெரியாஸ்டின் உதவுகிறது என்று 2006இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். 2012இல் சுவிட்சர்லாந்தில் எலிகளில் நடந்த ஆய்வில், மார்பகப் புற்றுச்செல்கள் நுரையீரலில் போய்க் குடியேறுவதற்கு இதே புரதம் அங்கே இடம் செய்து கொடுப்பது தெரிந்தது.

இதைக் கேட்டுவிட்டு "ரத்தத்துல அந்தப் பெரியாஸ்டின் டெஸ்ட்டை எழுதிக் குடுங்கம்மா" என்பவர்கள் உண்டு. வேண்டாம். பெரியாஸ்டின் ஆஸ்துமாவிலும் கூடும், வளரும் பிள்ளைகளின் ரத்தத்தில் இயல்பாகவே கூடுதலாக இருக்கும். அந்த எண்ணை வைத்து வாய்ப்புற்றைக் கண்டுபிடிக்க முடியாது. அதற்கு ஒரு டார்ச்சும், ஒரு ஜோடிக் கண்ணும், சந்தேகப்பட்ட இடத்தில் சிறிது சதை எடுத்துச் செய்யும் பயாப்ஸியும்தான் வழி. இரண்டு வாரத்துக்குமேல் ஆறாத புண், வழித்தாலும் போகாத வெள்ளை, வெல்வெட் மாதிரிச் சிவப்புத் திட்டு, குறைந்துகொண்டே வரும் வாய்த் திறப்பு, இவற்றில் எது இருந்தாலும் பல் டாக்டரிடம் வாயைக் காட்டுங்கள். பக்கத்தில் டாக்டர் இல்லாவிட்டால் பெரியாஸ்பத்திரிக்கே வரலாம், பயப்பட ஒன்றுமில்லை.

எர்ணாகுளம் பகுதியில் கண்டக்டருக்கு வந்த இதே வாய் இறுகும் நோய் உள்ளவர்களைப் பதினேழு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்ததில் 7.6 சதவீதம் பேருக்குப் புற்று வந்தது. மீதிப் பேருக்கு வரவில்லை என்று இதைப் படித்து ஆறுதல் அடைபவர்கள் இருக்கிறார்கள். தினமும் இந்த வாய்களைப் பார்க்கிற எனக்கு அப்படித் தோன்றவில்லை. குட்கா, பான் மசாலா விற்பனைக்குத் தமிழ்நாட்டில் 2013இலேயே தடை வந்துவிட்டது. ஆனால் சாதாப் பாக்குப் பொட்டலம் பெட்டிக்கடைச் சரத்தில் பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் தொங்குகிறது. பள்ளிச் சீருடையோடு வரும் வாய்களிலும் அந்த வெளுப்பைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்பதில்லை.

கண்டக்டர் அன்றைக்கே பாக்கை விட்டுவிடவில்லை. மூன்று தடவை விட்டு மூன்று தடவை தொட்டார். இப்போது ஐந்து மாதமாக இல்லை. இறுகிய நார் முழுதாகத் திரும்பாது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிட்டேன். ஐஸ்குச்சிகளைப் பல்லுக்கு நடுவே அடுக்கி, நாளுக்கு நாலு வேளை வாய்ப் பயிற்சி செய்கிறார், கன்னத்தில் ஊசியும் போட்டுக்கொள்கிறார். இடது கன்னத்தில் எடுத்த சதையில் புற்று இல்லை. போன மாதம் அளந்தபோது 26 மில்லிமீட்டர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரச் சொல்லியிருக்கிறேன். அடுத்த முறை வரும்போது, சிரிக்கும்போது வாயை மூடிக்கொள்கிற டிரைவர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.