மாஸ்டர் டேட்டா: முதன்மைத் தரவா, நிலைத் தரவா?

கணக்கு மென்பொருளைத் தமிழில் கற்றுத்தரும் கையேடுகளில் ‘மாஸ்டர் டேட்டா’ என்பதற்கு இரண்டு பெயர்கள் திரும்பத் திரும்பக் காணப்படுகின்றன. ஒன்று ‘எஜமானர் தரவு’, மற்றொன்று ‘முதன்மைத் தரவு’. முதலாவது இயந்திர மொழிபெயர்ப்பின் விளைவு. யாகம் செய்விப்பவனைக் குறித்த ‘யஜமானன்’ என்னும் வடசொல்லுக்கும் சரக்குப் பட்டியலுக்கும் தொடர்பே இல்லை என்பதை எவரும் உடனே உணர்வர் என்பதால், அது தானாகவே வழக்கிழந்துவிடும். இரண்டாவது அவ்வாறன்று. அது நல்ல தமிழாகவும் சரியான தமிழாகவும் தோற்றமளிக்கிறது. கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஆலைகளின் கணக்கர்களுக்கு நடந்த ஒரு வகுப்பில் அச்சொல்லைக் கேட்டவர்கள், ‘முதன்மைத் தரவு என்றால் முக்கியமான பில்களா?’ என்று வினவியபோதுதான் அதன் தீங்கு எனக்கு முழுமையாக விளங்கியது. கேட்டவர்கள்மீது பிழையில்லை. சொல் அவர்களை அந்தப் பக்கமாகத்தான் தள்ளுகிறது.

பொருளை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். மாங்காய்ப் பருவத்தில் ஓர் ஆலைக்கு நாள்தோறும் லாரிகள் வருகின்றன. ஒவ்வொரு லாரிக்கும் எடைச் சீட்டு, கொள்முதல் பில், பணம் கொடுத்த பதிவு ஆகியவை உண்டாகின்றன. இவை நிகழ்வுகள், நடந்தன, முடிந்தன. ஆனால் அந்தப் பில்லில் இடம்பெறும் தோட்டக்காரரின் பெயர், முகவரி, வங்கிக் கணக்கு எண், மாங்காய் வகையின் பெயர், எடை அலகு, வரி விகிதம் ஆகியவற்றை ஒவ்வொரு லாரிக்கும் புதிதாக எழுதுவதில்லை. அவை ஒருமுறை பதியப்பட்டு இருக்கின்றன. ஒவ்வொரு பில்லும் அவற்றைச் சுட்டிக்கொள்கிறது. இவ்வாறு இருந்துகொண்டே நிகழ்வுகளுக்கு இடங்கொடுக்கும் பதிவுகளைத்தான் டேலி என்னும் கணக்கு மென்பொருள் ‘மாஸ்டர்ஸ்’ என்கிறது. பெரு நிறுவனங்கள் பயன்படுத்தும் எஸ்ஏபி மென்பொருளில் பொருள் மாஸ்டர், வாடிக்கையாளர் மாஸ்டர் எனப் பிரித்துச் சொல்வார்கள். ‘தோத்தாபுரி’ என்று ஒருவரும் ‘பெங்களூரா’ என்று மற்றொருவரும் ‘கிளிமூக்கு’ என்று மூன்றாமவரும் பதிந்துவிட்டால், ஒரே மாங்காய் இருப்புக் கணக்கில் மூன்று சரக்காக நிற்கும். இந்தப் பதிவுகளைப் பேணுவது தனி வேலையாகக் கருதப்படுவதன் காரணம் இதுவே.

சொல்லின் வரலாறு சுருக்கமானது. இலத்தீன் ‘மகிஸ்தெர்’ என்பது ‘மிகுதி’ என்னும் பொருளுடைய ‘மகிஸ்’ என்பதிலிருந்து வந்தது. தலைவன், ஆசான் என்று அதற்குப் பொருள். போர்த்துக்கீசிய ‘மெஸ்த்ரெ’ வழியாக அதே சொல் நமக்கு ‘மேஸ்திரி’யாக வந்து வெகுகாலமாகிறது. படியெடுக்க உதவும் மூலப்படியை ‘மாஸ்டர் காப்பி’ என்பதிலிருந்தும், துளையட்டைகளும் காந்த நாடாக்களும் இருந்த காலத்தில் நிலையான கோப்பை ‘மாஸ்டர் கோப்பு’ என்றும் அன்றாட நடவடிக்கைகளின் கோப்பை ‘டிரான்சாக்‌ஷன் கோப்பு’ என்றும் பிரித்ததிலிருந்தும் இன்றைய பொருள் விளைந்தது. ‘டேட்டா’ என்பதற்கு இலத்தீனில் ‘தரப்பட்டவை’ என்று பொருள். கலிப்பாவின் உறுப்பாகப் புலவர்கள் அறிந்த ‘தரவு’ என்னும் பழஞ்சொல்லும் ‘தா’ என்னும் வினையடியில் பிறந்ததே. ஆகவே ‘தரவு’ பற்றி எனக்கு மனக்குறை இல்லை. சிக்கல் முன்னால் ஒட்டப்படும் அடைமொழியில்தான் இருக்கிறது.

‘முதன்மை’ என்பது வரிசையையோ சிறப்பையோ குறிக்கும் சொல். முதன்மைச் செயலாளர், முதன்மைக் கல்வி அலுவலர் என்னும்போது, அவருக்குக் கீழே வேறு சிலர் இருக்கிறார்கள் என்பது பொருளாகிறது. கொள்முதல் பில்லைவிடத் தோட்டக்காரரின் முகவரி சிறப்பானது என்று எந்தக் கணக்கரும் சொல்லமாட்டார். தணிக்கையாளர் கேட்பதும், வரித்துறை கேட்பதும், வழக்கு வந்தால் நீதிமன்றம் கேட்பதும் பில்லைத்தான். மாஸ்டர் பதிவின் இயல்பு அதன் உயர்வில் இல்லை. பல நிகழ்வுகள் வந்து போகும்போது அது இருந்துகொண்டிருக்கிறது என்பதில் இருக்கிறது. ‘முதன்மை’ என்னும் சொல் இந்த இயல்பைச் சிறிதும் காட்டவில்லை.

மேலும், அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே வேறு வேலைகள் உள்ளன. ஆய்வு முறை பயிலும் மாணவர்கள், களத்தில் நேரடியாகத் திரட்டும் விவரங்களை ‘முதன்மைத் தரவு’ என்றும் பிறர் திரட்டியவற்றை ‘இரண்டாம்நிலைத் தரவு’ என்றும் எழுதுகிறார்கள். அந்த வழக்கின்படி பார்த்தால் எடை மேடையில் அன்று எழுதிய சீட்டுத்தான் முதன்மைத் தரவு. அதாவது, நாம் சொல்ல வந்ததற்கு நேரெதிரானது. தரவுத்தள நூல்களில், ஒரு பதிவைத் தனித்து அடையாளம் காட்டும் ‘பிரைமரி கீ’ என்பதையும் ‘முதன்மைத் திறவுகோல்’ என்று எழுதுகிறார்கள். ‘முதன்மைத் தரவின் முதன்மைத் திறவுகோல்’ என்று ஒரு வாக்கியம் அமையுமானால், இரண்டு முதன்மைகளும் இருவேறு பொருளுடையவை என்பதைப் படிப்பவர் எவ்வாறு அறிவார்? ‘மூலத் தரவு’ என்று சொல்லலாமே என்பாரும் உளர். தரவு எங்கிருந்து எடுக்கப்பட்டதோ அந்த இடத்தைக் குறிக்க அச்சொல் தேவைப்படுகிறது. ‘ஆதாரத் தரவு’ என்றால் சான்று என்னும் பொருளும், இன்று ஆதார் எண்ணும்தான் நினைவுக்கு வருகின்றன.

என் பரிந்துரை ‘நிலைத் தரவு’ என்பது. அதில் ஒவ்வோர் உருப்படியும் ‘நிலைப்பதிவு’. இதற்கான முன்மாதிரியை வேறெங்கும் தேட வேண்டியதில்லை. நம் கிராமக் கணக்குகளிலேயே அது இருக்கிறது. ‘அ’ பதிவேட்டில் ஒவ்வொரு புல எண்ணுக்கும் உட்பிரிவு, பரப்பு, நன்செய்யா புன்செய்யா என்னும் வகை, தீர்வை, பட்டா எண் ஆகியவை நிலையாகப் பதியப்பட்டிருக்கும். அடங்கல் வேறு, ஜூலை தொடங்கி ஜூன் முடியவுள்ள ஒவ்வொரு பசலிக்கும் அந்தப் புல எண்ணில் என்ன பயிர் விளைந்தது என்பதை அது காட்டும். பென்னாகரத்தில் ஒரு புலத்தில் ஒரு பசலியில் கேழ்வரகும் மறு பசலியில் நிலக்கடலையும் அடங்கலில் ஏறலாம். ‘அ’ பதிவேட்டில் அந்தப் புலம் அதே புலமாகவே இருக்கும். அடங்கலின் ஒவ்வொரு வரியும் புல எண்ணைச் சுட்டித்தான் எழுதப்படுகிறது. மாஸ்டர் என்றும் டிரான்சாக்‌ஷன் என்றும் மென்பொருள்காரர்கள் இன்று பிரித்துச் சொல்லும் பாகுபாட்டை நம் கர்ணங்களும் அவர்களுக்குப் பின்வந்த கிராம நிர்வாக அலுவலர்களும் கிராமத்துக்கு எந்த மென்பொருளும் வருமுன்பே கையால் எழுதிக் காத்துவந்தார்கள். தோட்டக்காரர்களின் பிள்ளைகளான நம் கணக்கர்களிடம் ‘இது அ பதிவேடு, அது அடங்கல்’ என்று சொன்னால் மேற்கொண்டு விளக்கமே வேண்டியதில்லை.

‘நிலை’ என்றால் மாறாதது என்று ஆகிவிடுமே, முகவரியும் வரி விகிதமும் மாறுகின்றனவே என்று ஒரு தடை எழுப்பப்படுகிறது. எதிர்த்தரப்பின் வாதங்களில் மதிக்கத்தக்கது இது ஒன்றே என்பதால் விரிவாகவே விடை சொல்ல வேண்டும். நிற்பது வேறு, அசையாதிருப்பது வேறு. நாடாளுமன்ற நிலைக்குழுவின் உறுப்பினர்கள் மாறுகிறார்கள். குழு நிலைக்குழுவாகவே இருக்கிறது. ஓசூர்த் தொழிற்சாலைகளில் பணி நிபந்தனைகளை வகுக்கும், சான்றளிக்கப்பட்ட நிலையாணைகள் திருத்தப்படுகின்றன. அதனால் அவை நிலையாணைகள் அல்லாமல் போவதில்லை. பட்டா மாறுதல் நடந்தபின் ‘அ’ பதிவேட்டில் பெயர் மாறுகிறது; புல எண் நிற்கிறது. நம் மாவட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 1965இல் சேலத்திலிருந்து பிரிந்து உருவான தருமபுரி மாவட்டத்திலிருந்து 2004 பிப்ரவரி 9 அன்று கிருஷ்ணகிரி தனி மாவட்டமாயிற்று. ஓசூர்க்காரர் ஒருவரின் பதிவில் அன்று மாவட்டம் என்னும் ஒரு கட்டம் மாறவேண்டியிருந்தது. அவர் வேறு ஆளாகிவிடவில்லை, அவருடைய பழைய பில்கள் செல்லாமலும் போகவில்லை. மாற்றத்தை ஏற்றுக்கொண்டு அதே பதிவாக நிற்பதுதான் நிலைப்பதிவின் இலக்கணம்.

‘ரெஃபரன்ஸ் டேட்டா’ என்பது இதன் உட்பிரிவு. மாநிலம், அலகு, வரி வகை போன்று, முன்கூட்டியே வரையறுக்கப்பட்ட மதிப்புகளின் பட்டியல் அது. சரக்கு சேவை வரியில் தமிழ்நாட்டுக்கு 33, கர்நாடகத்துக்கு 29, ஆந்திரத்துக்கு 37 என்னும் எண்கள் தக்க எடுத்துக்காட்டு. மூன்று மாநிலங்களும் சந்திக்கும் நம் மாவட்டத்தில், ஆந்திரத்தின் குப்பம் நகரத்து வாடிக்கையாளருக்கு 33 என்று பதிந்துவிட்டால், ஒருங்கிணைந்த வரி போடவேண்டிய பில்லில் மத்திய வரியும் மாநில வரியும் தனித்தனியே ஏறிவிடும். இதைக் ‘குறிப்புத் தரவு’ என்று மொழிபெயர்ப்பது பெரும்பிழை. மேல்நிலை வகுப்பில் கணக்குப்பதிவியல் படித்தவருக்குக் ‘குறிப்பேடு’ என்றால் அன்றாட நடவடிக்கைகளை முதலில் எழுதும் ஏடு. ‘குறிப்பு’ என்றவுடன் அவர் நினைப்பது நிகழ்வுகளின் பக்கத்தைத்தான். ‘மேற்கோள் தரவு’ என்பதோ கட்டுரைக்குரியது. அரசுக் கடிதங்களில் ‘பொருள்’ என்பதன் கீழே வரும் ‘பார்வை’ என்னும் அழகிய சொல் இங்கு உதவுமா என்று எண்ணிப் பார்த்தேன். ‘பார்வைத் தரவு’ என்றால் கண்ணால் காணும் படம் என்று பொருள்படும் என்பதால் கைவிட்டேன். ‘குறியீட்டுப் பட்டியல்’ என்றால் போதும்.

இத்தகைய பிழைகளுக்கெல்லாம் வேர் ஒன்றே. மொழிபெயர்ப்பாளர் திரையைப் பார்ப்பதில்லை. சொற்களை மட்டும் ஓர் அட்டவணையில் பெற்றுக்கொண்டு அகராதியின் முதற்பொருளை எதிரே எழுதுகிறார். பேரேட்டில் பதிவதைக் குறிக்கும் ‘போஸ்ட்’ என்பது ‘அஞ்சல்’ ஆவது இப்படித்தான். ‘மெயின்டனன்ஸ்’ என்றவுடன் ‘பராமரிப்பு’ என்று எழுதுவதும் இப்படித்தான். பராமரிப்பு என்பது சாலைக்கும் பம்புசெட்டுக்கும் உரியது. பழுது பார்த்தல் என்னும் நிழல் அதன்மேல் எப்போதும் படிந்திருக்கிறது. பதிவேட்டைத் தமிழில் பேணுவார்கள். ஆகவே ‘மாஸ்டர் டேட்டா மெயின்டனன்ஸ்’ என்பது ‘நிலைத் தரவு பேணல்’. பல ஆண்டுகளாக நிலவும் சொல்லை மாற்றக் கூடாது என்பவர்கள், அந்தச் சொல்லைக் கேட்டுக் குழம்பும் புதிய கணக்கர்களை எண்ணிப் பார்க்க வேண்டும்.

பேணல் திரையிலுள்ள கட்டளைகளையும் இதனோடு சேர்த்துச் சீர்செய்ய வேண்டும். ‘சேர்’, ‘திருத்து’ ஆகிய இரண்டும் சரியானவை. ‘இன்ஆக்டிவ்’ என்பதற்கு ‘நீக்கு’ என்று எழுதியிருப்பதுதான் ஆபத்தானது. தோட்டத்தை விற்றுவிட்ட ஒருவரின் பதிவை நீக்கவே கூடாது; கடந்த பருவங்களின் பில்கள் எல்லாம் அதைச் சுட்டிக்கொண்டிருக்கின்றன. இனிப் புதிய பில்லில் அது வராதபடி செய்வதே அந்தக் கட்டளையின் வேலை. ‘அவர் கணக்கை நிறுத்திவிட்டோம்’ என்று மண்டிகளில் சொல்வது இதைத்தான். ‘நிறுத்து’ என்றே எழுதலாம்.