மடல் வீடு சேரும் வழி

அப்பாவுக்கு வந்த நேர்முகத் தேர்வுக் கடிதம் ஒன்று தோட்ட ஆபீஸில் ஒன்பது நாள் கிடந்தது. அவர் கைக்கு வந்தபோது தேர்வு முடிந்திருந்தது. இலங்கையின் தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த மலையகத்தில் இப்படியொரு கதை இல்லாத குடும்பம் குறைவு. தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் அறைக்கு, அதாவது லயன் காம்பராவுக்கு, இலக்கமும் இல்லை, தெருப் பெயரும் இல்லை. தோட்டத்தின் பெயரையும் டிவிசனையும் ஊரையும் எழுதினால் கடிதம் ஆபீஸ் வரை வரும். அங்கிருந்து லயத்துக்கு அதை யார் கொண்டுவருவார், எப்போது கொண்டுவருவார் என்பதற்கு எங்கள் தோட்டத்தில் ஒழுங்கு எதுவும் இருந்ததில்லை.

மலையகத்தின் மழையையும் மண்ணையும் மனிதரையும் பற்றி மாதம் ஒரு மடல் எழுதி மின்னஞ்சலில் அனுப்பத் தொடங்கியபோது, இனி அந்த ஆபீஸ் மேசை குறுக்கே வராது என்று நம்பினேன். ஹட்டனில் நடந்த ஒரு கூட்டத்தின் வருகைப் பதிவேட்டிலிருந்தும், பழைய மாணவர் விழா மலரொன்றிலிருந்தும் முகவரிகளைப் பார்த்து எழுதிக்கொண்டேன். எல்லாருக்கும் அனுப்பினேன். சில மாதங்களில், மடலைக் கேட்டு வாங்கிய நண்பர்களே அது வரவில்லை என்றார்கள். தேடச் சொன்னேன். வேண்டாத மடல்களை ஒதுக்கும் ஸ்பேம் பெட்டியில் கிடந்தது.

இடையில் இன்னமும் ஒரு மேசை இருக்கிறது. அதில் இப்போது அமர்ந்திருப்பது ஓர் எந்திரம். அது எப்படி முடிவெடுக்கிறது என்று புரிந்துகொண்ட பிறகுதான், வாசகர் பட்டியல் எப்படி வளர்கிறது என்பதும் எனக்கு விளங்கியது.

ஆளின் பெயரையும் அவருடைய கணக்கு இருக்கும் கணினியின் பெயரையும் பிரித்துக் காட்ட, 1971 இல் ரே டொம்லின்சன் முகவரியின் நடுவே @ என்ற அட் குறியை வைத்தார். நான் மடலை அனுப்பியதும் என் பக்கத்து சேவையகம் அந்தக் குறிக்கு வலப்புறம் உள்ள பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு, இணையத்தின் பெயர்ப் பதிவேடான டிஎன்எஸ்ஸிடம் ஒரு கேள்வி கேட்கிறது: இந்தப் பெயருக்கு வரும் தபாலை வாங்குவது எந்த எந்திரம்? பதில் கிடைத்ததும் அந்த எந்திரத்தோடு பேசத் தொடங்குகிறது. நான் இன்னார், இன்னாரிடமிருந்து மடல் கொண்டுவந்திருக்கிறேன், இன்னாருக்கு. ஒவ்வொரு வரிக்கும் மறுமுனை ஓர் எண்ணால் பதில் சொல்லும். 250 என்றால் சரி. 4 இல் தொடங்கும் எண் வந்தால் இப்போது முடியாது, பிறகு வா என்று பொருள். அனுப்பும் எந்திரம் மடலைக் கையில் வைத்துக்கொண்டு நாலைந்து நாள்வரை மறுபடி மறுபடி தட்டிப் பார்க்கும். 550 வந்தால் பெரும்பாலும் அப்படி ஓர் ஆள் அங்கே இல்லை.

இந்த உரையாடலுக்கான விதிகளை ஜொன் பொஸ்டல் 1982 இல் எழுதினார். வலையமைப்பில் இருந்தவர்கள் அநேகமாக ஒருவரையொருவர் அறிந்திருந்த காலம் அது. அதனால் உறையின் மேல் யார் பெயரை எழுதினாலும் எந்திரம் நம்பியது. அந்த நம்பிக்கை நிலைக்காது என்பதற்கு அடையாளம் அதற்கு முன்பே தெரிந்திருந்தது: 1978 மே 3 அன்று கேரி துர்க் என்ற விற்பனையாளர் தம் கம்பனியின் கணினிகளுக்கான விளம்பரத்தைக் கேளாமலே ஏறத்தாழ 400 பேருக்கு அனுப்பியிருந்தார். உலகின் முதல் ஸ்பேம் என்று அதைத்தான் சொல்கிறார்கள்.

பொய்ப் பெயரைப் பிடிக்கப் பின்னாளில் மூன்று பூட்டுகள் வந்தன. என் பெயரில் மடல் அனுப்ப உரிமை பெற்ற எந்திரங்கள் எவை என்று பெயர்ப் பதிவேட்டிலேயே அறிவிப்பது எஸ்பிஎஃப். மடலுக்கு ஒரு மறைகுறிக் கையெழுத்து இடுவது டிகிம். இந்த இரண்டில் ஒன்றுகூட வாசகர் கண்ணில் படும் பெயரோடு பொருந்தாவிட்டால் மடலை என்ன செய்ய வேண்டும் என்று சொல்வது டிமார்க். மூன்றில் எனக்குப் பிடித்தது டிகிம். மடலின் ஒவ்வொரு குறியையும் சேர்த்துக் கணக்கிட்ட ஒரு சுருக்க எண்ணை, எனக்கு மட்டுமே தெரிந்த சாவியால் பூட்டி மடலோடு அனுப்புகிறது. திறந்து பார்க்கும் சாவி எல்லாருக்கும் பொது. வழியில் எவராவது ஒரு மெய்யெழுத்தின் புள்ளியை அழித்தாலும் கணக்கு வேறாகிவிடும், கையெழுத்துச் செல்லாது.

எழுத்தைப் பற்றிப் பேசும்போது தமிழில் எழுதுகிறவர்கள் அறிய வேண்டிய ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மின்னஞ்சல் பிறந்தபோது அதற்குத் தெரிந்தவை 128 குறிகள்தாம்: ஆங்கில எழுத்துகள், எண்கள், சில அடையாளங்கள். மற்ற மொழிகளுக்கும் படங்களுக்கும் வழி திறந்தது, 1992 இல் நதானியேல் பொரன்ஸ்டைனும் நெட் ஃப்ரீடும் வகுத்த மைம் என்ற முறை. இன்றைய யுடிஎஃப்-8 குறியீட்டில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட் எடுக்கும். 'மலை' என்றால் ம, ல, ஐகாரக் குறி என மூன்று. ஆக 9 பைட். பழைய 128 குறிகளுக்குள் அதைப் பொதிந்து அனுப்பும்போது 12 ஆகிறது. மடலின் தலைப்பு வரியில் இப்படிப் பொதியும் ஒவ்வொரு துண்டும் 75 குறிகளுக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. எந்தக் குறியீடு என்று சொல்லும் மேலுறைக்குப் போக எஞ்சும் இடத்தில் 15 தமிழ்க் குறிகள்தாம் அடங்கும். நீளமான தலைப்பு பல துண்டுகளாகப் போகும். ஓர் எழுத்தின் நடுவே வெட்டக் கூடாது என்றும் விதி உண்டு. அதை மதிக்காத மென்பொருளில் அனுப்பினால் வாசகருக்குத் தலைப்பின் நடுவில் கேள்விக்குறிக் கட்டங்கள் தெரியும். தலைப்பு உடைந்த மடலை எவரும் நம்பித் திறப்பதில்லை.

இன்னொன்றும் உண்டு. ஏறத்தாழ 102 கிலோபைட்டுக்கு மேல் நீளும் மடலை ஜிமெயில் நடுவில் நறுக்கிவிட்டு, மீதியைப் பார்க்கத் தனி இணைப்பு ஒன்றை வைக்கிறது. இந்தக் கட்டுரை அளவுள்ள தமிழ் மடலுக்கு எழுத்துகள் மட்டுமே 40 கிலோபைட்டை நெருங்கும். அலங்கார வார்ப்புருவின் நிரல்வரிகள் மேலும் அறுபது கிலோபைட் சேர்ந்தால் எல்லை வந்துவிடும். வெட்டுப்படுவது அடிப்பகுதி, பட்டியலிலிருந்து விலகும் இணைப்பு இருப்பதும் அங்கேதான். வெளியே போக வழி தெரியாத வாசகர் ஸ்பேம் பொத்தானை அழுத்துகிறார். நான் வார்ப்புருவை எறிந்துவிட்டு வெறும் எழுத்தாக அனுப்பத் தொடங்கியது இதனால்தான்.

பெயர் உண்மையானது என்று தெரிந்த பிறகு எந்திரம் உள்ளே பார்க்கிறது. அதன் அடிப்படை, தோமஸ் பேயிஸ் இறந்தபின் 1763 இல் வெளியான ஒரு நிகழ்தகவு விதி. அதை ஸ்பேமுக்குப் பயன்படுத்தும் எளிய வழியை 2002 இல் போல் கிரஹாம் எழுதிப் பரவலாக்கினார். ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 'பரிசு' என்ற சொல் 100 ஸ்பேம் மடல்களில் 40 இலும், 100 நல்ல மடல்களில் 2 இலும் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சொல் உள்ள மடல் ஸ்பேமாக இருக்கும் வாய்ப்பு ஒன்றுக்கு இருபது மடங்கு. அதே மடலில் 'கொழுந்து' என்ற சொல்லும் இருக்கிறது. தலவாக்கலையில் இருக்கும் ஒருவருடைய நல்ல மடல்களில் பத்தில் ஒன்றிலும், ஸ்பேமில் ஆயிரத்தில் ஒன்றிலும் அது வருமானால் நூறு மடங்கு எதிர்ப்பக்கம் சாய்கிறது. இரண்டையும் பெருக்கினால் ஒன்றுக்கு ஐந்து. ஸ்பேமாக இருக்கும் வாய்ப்பு 17 சதவீதத்துக்குக் கீழே இறங்குகிறது. பெரட்டு, கங்காணி, பீலி, கவ்வாத்து என்று நம் ஊர்ச் சொற்களை விட்டுவிடாமல் எழுதுவதற்கு எனக்கு வேறு காரணங்கள் உண்டு. அவை மடலுக்குக் காவலாகவும் நிற்கின்றன என்று அறிந்தபோது அப்படியொரு மகிழ்ச்சி.

இன்றைய பெரிய நிறுவனங்களின் எந்திரங்கள் சொற்களோடு நிற்பதில்லை. அனுப்புகிறவரின் நடத்தை வரலாற்றையும் பார்க்கின்றன. அவருடைய மடல்களில் எத்தனை இல்லாத முகவரிக்குப் போய்த் திரும்பின? எத்தனை பேர் ஸ்பேம் என்று முறையிட்டார்கள்? 2024 பெப்ரவரியில் ஜிமெயிலும் யாகூவும் இதை வெளிப்படையான விதியாக்கின. ஒரே நாளில் ஜிமெயில் முகவரிகளுக்கு 5,000 மடல்களுக்கு மேல் அனுப்புகிறவர் மூன்று பூட்டுகளையும் பூட்டியிருக்க வேண்டும், ஒரே அழுத்தில் விலகும் வழி தர வேண்டும், முறையீடு 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது. ஆயிரத்துக்கு மூன்று பேர். என் பட்டியல் அந்த எண்ணிக்கைக்குப் பக்கத்திலும் இல்லை. ஆனால் சிறியவரின் நடத்தையையும் எந்திரம் கணக்கில் வைக்கிறது, சிறிய பட்டியலில் ஒருவருடைய கோபமே பெரிய சதவீதம்.

பதிவேட்டிலிருந்து எழுதிய முகவரிகள் என்னை எப்படிக் கெடுத்தன என்பது இப்போது தெரிந்திருக்கும். அவர்கள் கூட்டத்துக்கு வந்தவர்கள். என் மடலைக் கேட்டவர்கள் அல்லர். தொல்லையாகப் பட்டது, முறையிட்டார்கள், அவர்கள் பக்கம்தான் நியாயம். அந்த முறையீடுகள் விரும்பிக் கேட்டவர்களின் பெட்டியையும் எனக்கு அடைத்துவிட்டன. விழா மலரிலிருந்து எடுத்தவற்றில் இன்னொரு ஆபத்து இருந்தது. கைவிடப்பட்ட பழைய முகவரிகளைச் சில நிறுவனங்கள் பொறியாக மாற்றி வைக்கின்றன. அதற்கு உரியவர் எவரும் இல்லாததால், மடலைக் கேட்டு வாங்கும் ஆள் இப்போது அங்கே இல்லை. அதில் விழுகிறவர் முகவரியைத் திரட்டியவர், அல்லது பழைய பட்டியலைச் சுத்தம் செய்யாதவர் என்று எந்திரம் எடுத்துக்கொள்கிறது. விலைக்கு வாங்கும் பட்டியல்கள் இதனாலேயே நஞ்சு. அனுமதியின்றி அறிவிப்பு அனுப்புவதற்கு எதிரான விதி இலங்கையின் 2022 ஆம் ஆண்டு 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலும் எழுதப்பட்டிருக்கிறது.

ஆகவே எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி தொடங்கினேன். இம்முறை இருமுறை ஒப்புதல். ஒருவர் முகவரி தந்ததும் அதற்கு ஒரேயொரு மடல் போகும். அதில் எவரும் ஊகிக்க முடியாத நீண்ட எண் புதைந்த இணைப்பு ஒன்று இருக்கும். அதை அழுத்தினால்தான் பெயர் பட்டியலில் ஏறும். எளிய ஏற்பாடுதான், ஆனால் ஒரே அடியில் மூன்று செய்திகளைச் சொல்லிவிடுகிறது: முகவரி எழுத்துப் பிழையின்றி இருக்கிறது, அந்தப் பெட்டியை ஒருவர் உண்மையிலேயே திறக்கிறார், அவருக்கு இது வேண்டும். மலையகத்தில் இது கூடுதலாக அவசியம். போன் வாங்கிய கடையில் பையன் திறந்து கொடுத்த முகவரியைத் தன் முகவரி என்று சொல்பவர் பலரை எனக்குத் தெரியும். அதன் கடவுச்சொல் என்ன, அதில் வரும் மடலை எங்கே பார்ப்பது என்று அவர்களுக்கு எவரும் காட்டியதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பெட்டியைத் திறக்கக் காட்டுவது பட்டியல் வளர்க்கும் வேலையில் பாதி.

இனி வளர்ச்சிக் கணக்கு. மலை நீர் வழிந்து வரும் குழாயான பீலியின் தண்ணீர் விழும் தொட்டி ஒன்றில் விரிசல் இருக்கிறது. நீர் உயர உயர ஒழுக்கும் கூடுகிறது. மாதம் 20 பேர் புதிதாகச் சேர்கிறார்கள், இருப்பவர்களில் நூற்றுக்கு 2 பேர் விலகுகிறார்கள் என்று கொள்ளுங்கள். தொடக்கத்தில் வேகமாக ஏறும். 500 ஐ எட்ட 35 மாதம் போதும். 1,000 ஐ நெருங்கும்போது வருகிற 20 பேருக்கு ஈடாக 20 பேர் போய்விடுவார்கள்; அதற்குமேல் ஏறாது. சேர்ப்பதை இரட்டிப்பாக்கினால் எல்லை 2,000. விலகலைப் பாதியாக்கினாலும் அதே 2,000. இரண்டாவதுதான் என்னைப் போல் தனியாக எழுதுகிறவருக்குக் கைகூடும்.

வாசகரே வாசகரைக் கொண்டுவரும்போது கணக்கின் குணமே மாறுகிறது. நூற்றுக்கு ஒருவர் மாதந்தோறும் இன்னொருவரை அழைத்துவந்தால் விலகலில் பாதி அடைபட்டு எல்லை 2,000 ஆகும். இருவர் அழைத்துவந்தால் விரிசல் முழுதும் அடைபடும். மாதம் 20 என்று முடிவின்றி ஏறிக்கொண்டிருக்கும். மூவர் என்றால் பட்டியல் தானாகவே பெருகும். தொற்றுநோய் பரவுமா அடங்குமா என்று கணிப்பவர்கள் போடுவதும் இதே கணக்குத்தான். தோட்டங்களுக்குள் வெளியாரை விடாத காலத்தில் தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யர் துணி வியாபாரி வேடத்தில் லயங்களுக்குப் போனார் என்று சொல்வார்கள். அவர் சொன்னது அடுத்த தோட்டத்துக்குப் பரவியது வாய்வழியாக. பொகவந்தலாவையிலிருந்து கொழும்புக் கடைக்கு வேலைக்குப் போன ஒரு தம்பி, தன்னோடு தங்கியிருந்த நால்வரை என் பட்டியலுக்குக் கொண்டுவந்தபோது அதைத்தான் நினைத்தேன்.

தேயிலையைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டாவிட்டால் செடி மரமாகிப் போகும். கொழுந்து கைக்கு எட்டாது. பட்டியலும் அப்படித்தான். 2 ஆண்டு பயன்படுத்தாத கணக்குகளை கூகுள் 2023 டிசம்பரிலிருந்து அழிக்கத் தொடங்கியது. அத்தகைய முகவரிகளுக்கு அனுப்பினால் மடல் திரும்பி வந்து என் பெயரைக் கெடுக்கும். ஓர் ஆண்டு அசைவற்றிருக்கும் முகவரிக்கு, தொடர்ந்து வேண்டுமா என்று ஒரு மடல் போடுகிறேன். பதில் இல்லையென்றால் நீக்கிவிடுகிறேன். மடல் திறக்கப்பட்டதா என்று காட்டும் எண்ணிக்கையை இதற்கு நம்புவதில்லை. மடலில் புதைத்த கண்ணுக்குத் தெரியாத படம் ஏற்றப்பட்டதா என்பதைத்தான் அது எண்ணுகிறது. 2021 முதல் ஆப்பிளின் அஞ்சல் செயலி, வாசகர் திறக்காவிட்டாலும் படங்களை முன்கூட்டியே எடுத்து வைக்க வழி செய்திருக்கிறது.

நம்பத் தக்க அடையாளம் பதில் மடல். வாசகர் திரும்ப எழுதினால், இந்த இருவரும் பேசிக்கொள்கிறவர்கள் என்று எந்திரமும் குறித்துக்கொள்கிறது. அதனால் ஒவ்வொரு மடலையும் ஒரு கேள்வியோடு முடிக்கிறேன். சென்ற மாதம் கேட்டது: உங்கள் லயத்துப் பீலிக்கு என்ன பெயர்? இராகலையிலிருந்தும் அப்புத்தளையிலிருந்தும் பதில்கள் வந்தபடி இருக்கின்றன. ஒருவர் தன் பாட்டி சொன்ன பெயரை எழுதி, அந்தப் பீலி இப்போது வற்றிவிட்டது என்றும், போட்டோ ஒன்று தேடி அனுப்புவதாகவும் எழுதியிருக்கிறார்.