எல்க்ஹார்ட் வங்கி கவிழ்ந்த கதை: ‘சார் சொன்னார்’ என்றால் போதுமா?

விவசாயிகளை நம்பியிருக்கும் சின்ன ஊர் வங்கி மூடப்பட்டது என்றால், மழை பொய்த்திருக்கும், கோதுமை விலை விழுந்திருக்கும், கடன் திரும்பியிருக்காது என்றுதான் முதலில் நினைப்போம். 1980களில் அமெரிக்காவில் விவசாய வங்கிகள் வரிசையாக மூடியது அப்படித்தான். ஆனால் கான்சஸ் மாநிலத்தின் எல்க்ஹார்ட்டில் 2023 ஜூலை 28 அன்று மூடப்பட்ட ஹார்ட்லேண்ட் ட்ரை-ஸ்டேட் வங்கியைக் கவிழ்த்தது கடன் வாங்கிய விவசாயிகள் இல்லை. அதன் தலைமை நிர்வாகி ஷான் ஹேன்ஸ், வங்கிப் பணம் 4.71 கோடி டாலரை, கிரிப்டோ எனும் இணைய நாணயத்தில் முதலீடு என்று ஏமாற்றும் மோசடிக்காரர்களுக்கு அனுப்பிவிட்டார். அன்றைய மதிப்பில் 380 கோடி ரூபாய்க்கு மேல்.

எல்க்ஹார்ட், ஒக்லஹோமா எல்லையை ஒட்டிய ஊர். மக்கள்தொகை இரண்டாயிரத்தைத் தொடாது. கோதுமை, சோளம், மாடு, இதுதான் பிழைப்பு. 1930களில் புழுதிப்புயல் புரட்டிப்போட்ட பகுதி. வங்கியின் மொத்தச் சொத்தே 13.9 கோடி டாலர்தான். அதில் மூன்றில் ஒரு பங்கு, மே கடைசியிலிருந்து ஜூலை முதல் வாரத்துக்குள் வெளியே போய்விட்டது. கையிருப்பு போதாமல் வங்கியின் பெயரில் வெளியே கடன் வாங்கியும் அனுப்பியிருக்கிறார்கள்.

ஹேன்ஸ் ஊரறிந்த பெரிய மனிதர். அமெரிக்க வங்கியாளர்கள் சங்கத்தின் சார்பில் நாடாளுமன்றக் குழு முன் பேசியவர். அவரை மோசடிக்காரர்கள் பிடித்தது வாட்ஸ்அப்பில். முதலில் சொந்தப் பணம். பிறகு உள்ளூர்த் தேவாலயத்தின் 40,000 டாலர், ஒரு முதலீட்டுக் குழுவின் 10,000, மகளின் கல்லூரிக்குச் சேர்த்த 60,000. அதற்கப்புறம்தான் வங்கி.

இந்த மோசடியில் திரையில் லாபம் ஏறிக்கொண்டே இருக்கும். எடுக்கப் போனால் வரி கட்டு, கணக்கு முடங்கியிருக்கிறது, இன்னும் கொஞ்சம் கட்டு என்பார்கள். இது கடைசித் தவணை, இதைக் கட்டினால் மொத்தமும் வந்துவிடும் என்று நம்புகிறவர் கட்டிக்கொண்டே போவார். படித்தவர், வங்கித் தொழில் தெரிந்தவர் என்ற பாதுகாப்பெல்லாம் இங்கே செல்லாது. பணத்தை எடுக்க முதலில் பணம் கட்டச் சொன்னால் அது மோசடிதான், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

தணிக்கைக்காரனாக என் கண் நிற்கும் இடம் வேறு. ஹேன்ஸ் நள்ளிரவில் தனியாக உட்கார்ந்து அனுப்பவில்லை. அவர் சொன்னார், ஊழியர்கள் அனுப்பினார்கள். அந்த வங்கியில் பணம் அனுப்புவதற்கு வரம்பு இருந்தது, விதி இருந்தது. அமெரிக்க மத்திய வங்கியின் தலைமை ஆய்வாளர் அறிக்கையும் இதைத்தான் சொல்கிறது: வங்கியிலும் ஊரிலும் அவருக்கிருந்த செல்வாக்கால் ஊழியர்கள் விதிகளை ஓரமாக வைத்தார்கள்.

இது எனக்குப் பழகிய காட்சி. பெரிய தொகைக்கு ஒருவர் பதிய வேண்டும், இன்னொருவர் சரிபார்த்து அனுமதிக்க வேண்டும் என்பது எந்த வங்கியிலும் அரிச்சுவடி. ஆனால் சின்னக் கிளைகளுக்குத் தணிக்கைக்குப் போனால், இரண்டாவது ஆளின் பாஸ்வேர்டு கீபோர்டுக்கு அடியில் துண்டுச் சீட்டில் இருக்கும். வவுச்சரில் ஒரே கையெழுத்து. இன்னொன்று எங்கே என்று கேட்டால், “மேனேஜர் சார் அவசரம்னு சொன்னாரு, பேப்பர் அப்புறம் வரும்” என்பார்கள். பெரும்பாலும் அந்தப் பேப்பர் வந்தும்விடும், அதுதான் சிக்கல். நூறு முறை ஒன்றும் ஆகாததால் நூற்றொன்றாவது முறை யாரும் கேட்பதில்லை. கேட்டால் சாரைச் சந்தேகப்பட்டதாகிவிடும் என்ற கூச்சம் வேறு. அந்த ஊழியர்களைத் திட்டி எழுத எனக்கு மனம் வரவில்லை. அவர்களைக் கேட்க விடாத நிர்வாகத்தைத்தான் கேட்க வேண்டும்.

வாய்மொழி உத்தரவா, “மெயிலில் ஒரு வரி போட்டுவிடுங்கள் சார்” என்று சொல்லப் பழகுங்கள். இயக்குநர் குழுவில் இருப்பவர்கள், பெரிய தொகை வெளியே போனால் அன்றைக்கே தங்கள் போனுக்குத் தகவல் வரும்படி செய்துகொள்ளுங்கள். மாதக் கூட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் என்ன ஆகும் என்பதற்கு எல்க்ஹார்ட்டின் அந்த ஆறு வாரம் போதும்.

அங்கே விஷயம் வெளியே வந்தது எப்படித் தெரியுமா? ஹேன்ஸ் ஒரு வாடிக்கையாளரிடம் போய், முடங்கிய பணத்தை எடுக்க 1.2 கோடி டாலர் கடன் கேட்டார். அந்த வாடிக்கையாளர் இது மோசடி என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, வங்கி இயக்குநர் ஒருவரிடமும் சொன்னார். கணினி, தணிக்கை, மேற்பார்வை எல்லாம் தூங்கிக்கொண்டிருந்தபோது விழித்திருந்தவர் அவர் ஒருவர்தான். என் தொழிலுக்கு இது பெருமையான செய்தி இல்லை.

டெபாசிட் போட்ட யாருக்கும் நட்டமில்லை. ட்ரீம் ஃபர்ஸ்ட் வங்கி மொத்த டெபாசிட்டையும் ஏற்றுக்கொண்டு திங்கட்கிழமை கிளைகளைத் திறந்துவிட்டது. அமெரிக்க டெபாசிட் காப்பீட்டு நிதிக்கு மதிப்பிட்ட இழப்பு 5.42 கோடி டாலர். அடி வாங்கியவர்கள் பங்குதாரர்கள். அவர்களும் உள்ளூர்க்காரர்கள்தான், ஓய்வுக்காலத்துக்கு வைத்திருந்த பங்கு வெறும் காகிதமானது. பிறகு ஒரு கிரிப்டோ கணக்கிலிருந்து மீட்ட சுமார் 80 லட்சம் டாலர் அவர்களுக்குக் கிடைத்தது. ஹேன்ஸுக்கு 2024 ஆகஸ்டில் 24 ஆண்டு 5 மாதச் சிறை.

டெபாசிட் வேறு, பங்கு வேறு என்பதை நம் ஊரிலும் பலர் பிரித்துப் பார்ப்பதில்லை. இந்தியாவில் வங்கி டெபாசிட்டுக்கு ஒரு வங்கியில் ஒருவருக்கு வட்டியும் சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. கூட்டுறவு வங்கிகளும் இதில் அடங்கும். ஆனால் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் போட்ட பணத்துக்கும், நிதி நிறுவனத்தில் போட்ட பணத்துக்கும் இந்தக் காப்பீடு கிடையாது. ‘பாங்க்’ என்று ஊரில் கூப்பிடுவதால் மட்டும் அது வங்கியாகிவிடாது. நெல் விற்ற பணத்தை மொத்தமாகப் போடும் முன், டெபாசிட் காப்பீடு உண்டா என்று கவுன்டரில் நேராகக் கேளுங்கள்.

ஏற்கெனவே வாட்ஸ்அப் ‘முதலீட்டில்’ பணம் போய்விட்டதென்றால் வீட்டில் மறைக்காமல் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள். பரிவர்த்தனை எண், தேதி, தொகை, போன கணக்கின் எண் எல்லாம் கையில் இருக்கட்டும். அதே நேரம் உங்கள் வங்கிக்கும் எழுத்தில் புகார் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்கு முத்திரை போட்ட நகல் வாங்கிவிடுங்கள்.